நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் பல, நீர்க்கடுப்பைப் பற்றியவை. சிறுநீர்ப்பாதை மருத்துவரும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தினரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை. காலை 10 மணிக்கு நின்றால் இரவு 9 வரை. கடை பாத்ரூமில் கால் வைக்க முடியாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு. அம்மா ‘உடம்புச் சூடு’ என்கிறார். பாத்ரூமிலிருந்து தொற்றியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். எது சரி, டாக்டர்?
– வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: கழிப்பறைப் பீங்கானிலிருந்து தொற்றுவது மிக அரிது. சாதாரண நீர்க்கடுப்பில் முக்கால் பங்குக்கு இ.கோலி என்ற பாக்டீரியாதான் காரணம். அது நம் குடலிலேயே குடியிருப்பது. மலவாய்ப் பக்கமிருந்து நகர்ந்து, சிறுநீர்த்துளை வழியாக மேலே ஏறுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. உங்கள் கடைக் கழிப்பறை செய்யும் கேடு வேறு வகை. அதற்குப் பயந்து தண்ணீரையும் நிறுத்துகிறீர்கள், வருகிற சிறுநீரையும் அடக்குகிறீர்கள்.

அம்மா சொல்லும் ‘சூடு’ முழுக்கப் பொய்யல்ல. தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானாலே எரியும். அப்படியானால் இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தபின் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அடங்காமல், போய்விட்டு வந்த உடனேயே மறுபடி போகத் தோன்றி, சொட்டுச் சொட்டாக வந்து, அடிவயிறும் வலித்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று.

தண்ணீர் ஏன் முக்கியம் என்பதற்குக் கிருமியின் பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இ.கோலியின் உடலெங்கும் நுண்ணிய இழைகள் உண்டு. இழையின் நுனியில் இருக்கும் ஃபிம்-எச் என்ற புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். சிறுநீர் ஓட்டம் இழுத்தால் அந்தப் பிடி தளர்வதில்லை, இறுகுகிறது. காசிமேட்டில் நீரோட்டம் படகை இழுக்க இழுக்க நங்கூரம் மண்ணில் ஆழமாகப் பதிவது மாதிரி. ஆகவே ஒட்டிக்கொண்ட பிறகு கழுவித் தள்ளுவது கடினம்; ஒட்டுவதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டும். உடலும் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. சிறுநீரகம் யூரோமாடுலின் என்ற புரதத்தை நாள் முழுக்கச் சிறுநீரில் கலந்து அனுப்புகிறது. அதன் மேலும் அதே மேனோஸ் இருப்பதால், கிருமி சுவருக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். ஆனால் நீங்கள் போனால்தானே வெளியேறும்?

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்த 140 பெண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேரைக் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை. மாத்திரை எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

நின்று வேலை பார்க்கும் உங்களுக்குச் சென்னை வெயிலில் வியர்வையும் போகும். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், கடைக்குக் கிளம்புமுன் ஒன்று, கடையில் 1 லிட்டர் பாட்டிலை மாலை 6 மணிக்குள் முடிப்பது, வீட்டுக்கு வந்து அரை லிட்டர் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு லிட்டரை எட்டிவிடலாம். 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் போங்கள். பீங்கானில் தொடை படாமல் அரைகுறையாக நின்றபடி போனால் இடுப்பு தளராது, சிறுநீர்ப்பை முழுக்கக் காலியாகாது. சுத்தம் பற்றிக் கவலை என்றால் இருக்கையின் மேல் காகிதம் போட்டு உட்காருங்கள்.

கடைப் பெண்கள் உட்கார நாற்காலி கேட்டுப் போராடி, 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது நினைவிருக்கும். சுத்தமான கழிப்பறையையும் அதே உறுதியோடு கேட்க வேண்டும். இது சலுகை அல்ல, உடல்நலம்.

கேள்வி: கடந்த ஓராண்டில் நான்கு முறை வந்துவிட்டது. அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வருவதில்லை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் உடம்பு போராடத்தானே செய்கிறது? பிறகு ஏன் இதற்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை? என் உடம்பில்தான் ஏதாவது குறையா?
– இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

பதில்: குறை உங்களிடம் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தாலே ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று கணக்கு. ஆரோக்கியமான பெண்கள் பலருக்கும் இது நேர்கிறது. உங்கள் கேள்வி ஆய்வாளர்களையும் பல ஆண்டுகள் குடைந்த கேள்வி. கீழே சொல்வதில் பெரும்பகுதி எலிகளில் கண்டது என்பதை மனத்தில் வையுங்கள்.

சிறுநீர்ப்பையின் உள்பக்கம் குடைச் செல்கள் என்ற பெரிய, தட்டையான செல்கள் கூரைபோல் மூடியிருக்கின்றன. சிறுநீரில் உள்ள உப்பும் யூரியாவும் அடியில் இறங்காமல் தடுப்பது இந்த அடுக்குதான். சாதாரணமாக இது பல மாதங்களுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். இ.கோலி வந்து ஒட்டியதும், அதன் மேலுறையில் உள்ள கொழுப்புச் சர்க்கரையை டி.எல்.ஆர்.-4 என்ற உணரி கண்டுபிடிக்கிறது. உடனே அந்தச் செல்கள் ஐ.எல்.-6, ஐ.எல்.-8 என்ற செய்தி வேதிப்பொருள்களை விடுகின்றன. கிருமிக்கொல்லிப் புரதங்களும் சுரக்கின்றன. லிப்போகாலின்-2 என்ற ஒன்று, கிருமி இரும்பைச் சேகரிக்கப் பயன்படுத்தும் பொருளைப் பறித்துப் பட்டினி போடுகிறது.

செய்தி கிடைத்ததும் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் வந்து சேர்கின்றன. கிருமியை நேரடியாக விழுங்கிக் கொல்லும் முக்கியப் படை இதுதான். ஆனால் இது ஆபத்தான படையும்கூட. கொல்லப் பயன்படும் நொதிகளும் ஆக்ஸிஜன் சேர்மங்களும் நம் திசுவையும் அரிக்கும். அதனால் இவற்றைக் கூரை அடுக்குக்குள் விடலாமா என்று முடிவெடுக்க ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 2014-இல் வந்த எலி ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பைச்சுவரில் நிரந்தரமாக வாழும் மேக்ரோஃபேஜ் செல்கள் (கிருமியை விழுங்கும் இன்னொரு வகை வெள்ளணுக்கள்) முதலில் நியூட்ரோஃபில்களையும் வேறொரு வகை மேக்ரோஃபேஜ்களையும் அழைக்கின்றன. வந்து சேர்ந்த இரண்டாம் வகை, ‘தொற்று உண்மைதான்’ என்று டி.என்.எஃப். என்ற பொருளை விட்டு உறுதிசெய்கிறது. அதன் பிறகே உள்ளூர் மேக்ரோஃபேஜ்கள் நியூட்ரோஃபில்களுக்கு அடிச்சவ்வைக் கடக்கும் அனுமதியைத் தருகின்றன. இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் கதவு திறக்கும்.

இதற்கிடையே குடைச் செல்கள் கிருமியோடு சேர்ந்து உதிர்ந்து சிறுநீரில் போய்விடுகின்றன. நல்ல தந்திரம். ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. சில கிருமிகள் உதிராத செல்களுக்குள் புகுந்து கூட்டமாகப் பெருகும். வேறு சில, கூரை உதிர்ந்ததால் வெளிப்பட்ட அடி அடுக்குச் செல்களுக்குள் போய்ப் பெருகாமல் உறங்கும். ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் தாக்கும், உறங்குவது தப்பிக்கும். ‘மாத்திரை முழுசா போட்டேன், மூணு வாரத்துல திரும்ப வந்துருச்சு’ என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். குடலிலிருந்து புதிதாக ஏறி வருவது இன்னொரு காரணம்.

இனி உங்கள் நேரடிக் கேள்வி: ஒருமுறை வந்த கிருமியை உடம்பு நினைவில் வைத்து எதிர்க்கும் ஆற்றல். பைச்சுவரில் மாஸ்ட் செல்கள் உண்டு. தொற்றின் தொடக்கத்தில் இவைதான் வேகமாக டி.என்.எஃப்.-ஐயும் ஹிஸ்டமினையும் கொட்டி அழற்சியைக் கிளப்பும். சில மணி நேரம் கழித்து அதே செல்கள் ஐ.எல்.-10 என்ற அடக்கும் பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன என்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் கண்டார்கள். விளைவாக, தொற்று சிறுநீர்ப்பையோடு நின்ற எலிகளில் அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாகவில்லை. சிறுநீரகம் வரை போன எலிகளில் உருவானது. 2015-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: மேக்ரோஃபேஜ்கள் கிருமிகளை முந்திக்கொண்டு விழுங்கிவிடுவதால், நினைவை உருவாக்க வேண்டிய டென்ட்ரிட்டிக் செல்களுக்குப் போதிய மாதிரி கிடைப்பதில்லை. 2020-இல் டியூக் குழுவினரே மேலும் ஒன்றைச் சொன்னார்கள். சிறுநீர்ப்பைக்கு வரும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் கிருமியை ஒழிப்பதைவிட உதிர்ந்த கூரையைச் சீராக்குவதற்கே முன்னுரிமை தருகின்றன.

ஏன் இந்த முன்னுரிமை? கூரை இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர் நேரடியாகத் தசையையும் நரம்பையும் எரிக்கும். எலிகளில் முதல் நாளின் அழற்சி அளவுக்கு மீறினால் தொற்று நாள்பட்டதாக மாறுவதும், பிறகு எளிதில் திரும்புவதும் தெரிந்திருக்கிறது. ஆகவே சண்டையைச் சீக்கிரம் நிறுத்திக் கூரையைப் போட்டுவிடுவது என்ற முடிவு முட்டாள்தனமானதல்ல. அதன் விலைதான் மறதி. முழு மறதியும் இல்லை: பைச்சுவரிலேயே தங்கும் நினைவு டி செல்கள் மறுதொற்றில் பாதுகாப்புத் தருவதை 2023 எலி ஆய்வு காட்டியிருக்கிறது. தடுப்பூசிக்கான முயற்சிகள் இந்தச் செல்களைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நடைமுறையில் உங்களுக்கு: ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கு முன் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்து, ரிப்போர்ட்டுகளை ஒரே கவரில் வைத்திருங்கள். ஒரே கிருமியா, புதியதா என்று அதில் ஓரளவு தெரியும். வயிற்று ஸ்கேனில், போவதற்கு முன்னும் பின்னும் பையில் எவ்வளவு சிறுநீர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கல் இருந்தால் அதுவும் தெரியவரும். தாம்பத்தியத்துக்குப் பின் ஓரிரு நாளில் வருகிறது என்றால் அதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்லுங்கள், சிகிச்சையே மாறும். விந்தணுக்கொல்லி ஜெல் பயன்படுத்தினால் நிறுத்துங்கள், அது காப்பு பாக்டீரியாவான லாக்டோபேசிலஸைக் கொல்கிறது.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் இரண்டு மாத்திரையும் ஒரு சிரப்பும் தருகிறார்கள். ஒரே நாளில் எரிச்சல் போய்விடுகிறது. இது போதாதா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: போதாது. எரிச்சலைக் குறைத்தது பெரும்பாலும் அந்தச் சிரப். அதில் இருப்பது சிறுநீரின் புளிப்பை மாற்றும் சிட்ரேட் உப்பு, கிருமியைக் கொல்லாது. இரண்டே மாத்திரையில் எண்ணிக்கை குறையும், தாக்குப்பிடித்தவை மிஞ்சும். நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைக்கு நம் நாட்டு இ.கோலி பெருமளவு பழகிவிட்டது.

எளிய நீர்க்கடுப்புக்கு இப்போது மருத்துவர்கள் முதலில் நாடுவது நைட்ரோஃபுரான்டாயின் (வழக்கமாக 5 நாள்) அல்லது ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின். நைட்ரோஃபுரான்டாயினைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயம் வேண்டாம். இந்த மருந்து புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். கூடவே புளிப்பைக் குறைக்கும் அந்தச் சிரப்பையும் குடித்தால் மருந்தின் கையை நீங்களே கட்டுகிறீர்கள். பலர் இரண்டையும் சேர்த்தே வாங்கிப் போகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறோம். சிறுநீரக வேலை குறைந்தவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஒத்துவராது. காய்ச்சலோடு சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் பயனில்லை, ஏனெனில் மருந்து சிறுநீரில் சேருமே தவிரத் திசுவில் போதிய அளவு சேராது.

கேள்வி: லேப் ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ் 15–20’, ‘எபிதீலியல் செல்ஸ் நிறைய’, கல்ச்சரில் ‘பல கிருமி கலப்பு’ என்று வந்தது. மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கவா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இல்லை, லேப் நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. பஸ் செல்ஸ் (சீழ் செல்கள்) என்பது நியூட்ரோஃபில்கள்தான், சிறுநீர்ப்பைக்குள் கதவு திறந்து வந்தவை. பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு பரப்பில் 5 வரை சாதாரணம். எபிதீலியல் செல்கள் நிறைய இருந்தால் வெளித்தோலிலிருந்து சேர்ந்தது என்று பொருள். மூன்று வகைக் கிருமி ஒன்றாக வளர்ந்தாலும் அப்படியே. அதை வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் குருட்டடிதான்.

சாம்பிள் எடுப்பது இப்படி: கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவித் துடைத்து, இதழ்களை விரலால் விலக்கியபடியே இருக்க வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னிழுத்துக் கழுவ வேண்டும். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, ஓட்டம் நிற்காமலே நடுவில் 20 முதல் 30 மி.லி. பிடியுங்கள். கப்பின் உள்விளிம்பில் விரல் படக் கூடாது, மூடியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. 24 மணி நேரம் தாங்கும். மதிய வெயிலில் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால், வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் பொய்யாகிவிடும். கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, பத்து வருடச் சர்க்கரை. எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் வழக்கமான பரிசோதனையில் கல்ச்சரில் இ.கோலி ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு டாக்டர் மருந்து வேண்டாம் என்கிறார். பயமாக இருக்கிறது.
– மருமகள், திருவொற்றியூர்

பதில்: அந்த டாக்டர் சொல்வதே சரி. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால், வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஆன்டிபயாடிக் தருவதால் பலன் இல்லை. பின்னால் வரும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுவதுதான் மிச்சம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கு.

கவனிக்க வேண்டியது சர்க்கரை அளவு. சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில்களின் விழுங்கும் திறன் குறையும், பைச்சுவரின் கிருமிக்கொல்லிப் புரதங்களும் குறையும். நரம்பு பாதித்தால் பை முழுக்கக் காலியாகாது. முதல் முறை போனபின் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து இன்னொரு முறை முயலச் சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் லாக்டோபேசிலஸ் குறைந்து, பிறப்புறுப்பின் அமிலத்தன்மை போய்விடும், இ.கோலி அங்கே எளிதில் தங்கும். அடிக்கடி தொற்று வரும் மூத்த பெண்களுக்கு அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகப் பலன் தருகிறது. மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். ‘இந்த வயசுல எதுக்கு’ என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: மூன்று முறை கல்ச்சர் பார்த்தும் கிருமி இல்லை. பஸ் செல்ஸ் மட்டும் இருக்கிறது. எரிச்சலும் அடிக்கடி போவதும் நிற்கவில்லை. நடிக்கிறேன் என்கிறார் கணவர்.
– வாசகி, எண்ணூர்

பதில்: நீங்கள் நடிக்கவில்லை. முதலில் விலக்க வேண்டியது காசநோய். சீழ் செல் உண்டு, சாதாரணக் கல்ச்சரில் கிருமி இல்லை என்றால் நம் ஊரில் சிறுநீர்ப்பாதைக் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் அதிகாலைச் சிறுநீரைத் தனிப் பரிசோதனைக்குத் தர வேண்டியிருக்கும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கல், பால்வினைத் தொற்று ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

இவை எதுவும் இல்லை, முன்பு பலமுறை தொற்று வந்தது என்றால் இன்னொரு விளக்கம் உண்டு. திரும்பத் திரும்பத் தொற்று வந்த சிறுநீர்ப்பையில் மாஸ்ட் செல்களும் வேறு சில வெள்ளணுக்களும் சுரக்கும் நரம்பு வளர்ச்சிப் பொருளால், உணர்வு நரம்புகள் கூடுதலாகக் கிளைவிடுகின்றன என்று 2024-இல் ஆய்வு வந்தது. கிருமி போன பிறகும் கொஞ்சம் சிறுநீர் சேர்ந்தாலே வலியும் அவசரமும் தோன்றும். இதற்கு மேலும் மேலும் ஆன்டிபயாடிக் போடுவது தவறு. சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் போங்கள். இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்கட்டும்.

கேள்வி: மூன்று மாதக் கர்ப்பம். எரிச்சல் இல்லாவிட்டாலும் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகி, ராயபுரம்

பதில்: கட்டாயம் தேவை. கர்ப்பத்தில் சிறுநீரகக் குழாய்கள் விரிவதால் கிருமி எளிதில் மேலே ஏறும், குறைப்பிரசவம் வரை போகலாம். கிருமி இருந்தால் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு. பிரசவ நாள் நெருங்கினால் நைட்ரோஃபுரான்டாயினைத் தவிர்ப்பார்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 52. எனக்கும் வருகிறதே?
– வாசகர், மூலக்கடை

பதில்: ஆண்களுக்கு வந்தால் அதை எளிய நீர்க்கடுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புராஸ்டேட் வீக்கம், கல், சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். கல்ச்சர் இல்லாமல் மாத்திரை வேண்டாம். ஓட்டம் மெலிந்து, விட்டு விட்டு வந்தால் ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: கிரான்பெர்ரி மாத்திரை, டி-மேனோஸ் பவுடர் என்று இணையத்தில் விற்கிறார்கள். பார்லி தண்ணீர் போதுமா? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?
– வாசகி, மாதவரம்

பதில்: கிரான்பெர்ரி சிலருக்கு மறுதொற்றைக் குறைக்கிறது; வந்துவிட்ட தொற்றைக் குணமாக்காது. டி-மேனோஸ் ஃபிம்-எச்சை ஏமாற்றும் என்பது காகிதத்தில் நல்ல யோசனைதான், ஆனால் 2024-இல் வந்த பெரிய பரிசோதனையில் பலன் தரவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பார்லித் தண்ணீரும் இளநீரும் நீராகத்தான் உதவுகின்றன. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டிக் குடிக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், சிறுநீரே வராமல் போவது, முதியவர்களுக்குக் காய்ச்சலோடு திடீர்க் குழப்பம் – இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறு குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றாலும் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் உள்ள கவரையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பு எந்த மருந்து வேலை செய்யவில்லை என்பது தெரிந்தால், இரவுப் பணி மருத்துவர் முதல் ஊசியையே சரியாகத் தேர்ந்தெடுப்பார்.